செங்காந்தளை வீட்டுல வளக்கலாமா, எதுக்கு யூஸ் ஆகுது?

வளக்கலாம், ஆனா சின்னப் பசங்க, ஆடு மாடு இருக்கிற வீடுன்னா வேணாம்னுதான் சொல்வேன், ஏன்னா செடி முழுக்க விஷம், கிழங்குதான் ரொம்ப மோசம். நம்ம ஸ்டேட் பூ இதுதான், ஊர்ப்பக்கம் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்குன்னுவாங்க (கிழங்கு அச்சு அசல் கலப்பை ஷேப்ல வளைஞ்சிருக்கும்). மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே போடுறாங்க, அதுல இருக்கிற கோல்ச்சிசின்ங்கிற மருந்துப் பொருள்ல இருந்துதான் கௌட் மூட்டுவலிக்கு மாத்திரை, அதுக்காக நீங்களா அரைச்சுக் குடிச்சிடாதீங்க!

ஆடி வாக்குல கிழங்கை முளை உடையாம நடுங்க, தண்ணி தேங்கினா அழுகிடும். இலை நுனியே சுருண்டு பிடிச்சு ஏறும், பந்தல் இல்லனா கம்பி கட்டுங்க. விதை வேணும்னா காலைல கையால மகரந்தம் தொட்டு வைக்கணும், அதான் பெரிய வேலை. கோடைல காஞ்சிடும், செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க, கிழங்கு உள்ள தூங்குது.