27 வயதில் எத்துப்பல்லுக்குக் கம்பி போட்டால், 8 மாதத்தில் வரும் கல்யாணத்துக்குள் சரியாகிவிடுமா?

கம்பி போடலாம். ஆனால் 8 மாதத்தில் முடியாது. நேரான பதில் இவ்வளவுதான். ஏன் முடியாது என்று தெரியாமல் விட்டால், "ஆறே மாசத்துல முடிச்சுத் தர்றோம்" என்று யாராவது சொல்லும்போது மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். 29 வயதில் கம்பி போட்டவள். இங்கே நான் சொல்லும் மருத்துவ விஷயமெல்லாம் என் டாக்டரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்துத் தெரிந்துகொண்டது, மிச்சம் தேடிப் படித்தது.

வயதை நினைத்துப் பயப்படாதீர்கள். பல் எந்த வயதிலும் நகரும், ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் போதும். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தாலோ, பல் ஆடினாலோ முதலில் அதற்கு வைத்தியம், பிறகுதான் கம்பி. சிறு பிள்ளைகளுக்கு உள்ள லாபம் வேறு: தாடை வளரும் பருவத்திலேயே அந்த வளர்ச்சியைக் கொஞ்சம் திசை திருப்ப முடியும். நமக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பல் மட்டும் எத்திக்கொண்டிருந்தால் கம்பியிலேயே சரியாகும். தாடை எலும்பே துருத்தியிருந்தால் கம்பியோடு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். எது என்பதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. செஃபலோகிராம் என்று தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே, இரண்டு தாடையையும் விரித்துக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே, பல் வரிசையின் அச்சு, இதையெல்லாம் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எதுவும் எடுக்காமல், வாயை ஒரு தடவை திறக்கச் சொல்லிவிட்டு ரேட் சொல்கிற இடத்தில் உட்காராதீர்கள்.

இனி அந்த 8 மாதக் கணக்கு. சுவரில் அடித்த ஆணி மாதிரி பல் எலும்பில் இறுகி நிற்பதாக நினைக்கிறோம். அப்படியில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது, ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட வராது. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் அந்த நார் நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் வந்து எலும்பைக் கரைக்கும். இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் புது எலும்பு வைக்கும். இப்படிக் கரைந்தும் கட்டியும் பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். எத்துப்பல்லை உள்ளே இழுக்க இடம் வேண்டும் என்று ஒரு பல்லை எடுத்தால் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் இடைவெளி விழும். அதை மூடவே எத்தனை மாதம் என்று நீங்களே கணக்கு போடுங்கள். அதற்கு முன்னால் கோணலாக நிற்கும் பற்களை வரிசைக்குக் கொண்டுவர சில மாதம். கடைசியில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகக் கடிபட வைக்க இன்னும் சில மாதம். டாக்டர்கள் ஒன்றரை, இரண்டு வருடம் என்பது இதைத்தான்.

"கொஞ்சம் இறுக்கிக் கட்டினா சீக்கிரம் வந்துடாதா டாக்டர்?" என்று நானும் கேட்டேன். வராதாம். அதிகமாக அழுத்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று நார் செத்துப்போகும், பல் சில வாரம் அசையாமலே நிற்கும். வேர் நுனி கரைந்து குட்டையாகும் ஆபத்தும் உண்டு. ஆரம்பத்தில் போடும் நிக்கல் டைட்டானியம் கம்பி இந்தக் காரணத்துக்காகவே வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வேறு எதற்கோ உருவான உலோகம். 1970களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவர் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கு மெதுவாகத் திரும்பப் பார்க்கும், அந்த மெல்லிய இழுப்பு வாரக்கணக்கில் விடாது.

எங்கள் வீட்டில் பெரிய ரகளை நடந்தது பல் எடுக்கும் விஷயத்தில்தான். கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு எடுக்கவேண்டும் என்றதும் அம்மா, "சொத்தையே இல்லாத பல்லை எதுக்குடி பிடுங்கணும்?" என்று ஆரம்பித்தார். அத்தை போன் பண்ணி, "மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு மங்கிடும்டி" என்றார். கண் பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு என்று டாக்டர் அம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டினார். அத்தை இன்றுவரை நம்பவில்லை. பல் எடுப்பது எல்லோருக்கும் தேவையில்லை. ஏற்கெனவே பல்லுக்கு நடுவே சந்து இருந்தாலோ, நெருக்கம் குறைவாக இருந்தாலோ எடுக்காமலே முடிப்பார்கள்.

அடுத்து, வலி. ஊசி போட்டு எடுப்பதால் பல் எடுக்கும்போது பெரிதாகத் தெரியாது. கம்பி போட்ட முதல் மூன்று நான்கு நாள் பல்லெல்லாம் கூசும், இட்லியைக் கடிப்பதே பெரிய வேலையாக இருக்கும். கரைத்த தயிர்சாதம், ரசம்சாதம், கஞ்சி. கன்னத்தின் உள்பக்கம் உரசிப் புண்ணாகும். அதற்கு ஒரு மெழுகு தருவார்கள், உருட்டி, கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னப் பிடியான பிராக்கெட் மேல் ஒட்டிக்கொள்ளலாம். சில வாரத்தில் கன்னம் பழகிவிடும். ஒவ்வொரு மாதமும் கம்பியை மாற்றி இறுக்கும்போது ஓரிரு நாள் அதே கூச்சம் வரும், அவ்வளவுதான். எனக்கு வலியைவிடத் தொல்லையாக இருந்தது சுத்தம் செய்வது. கீரையும் தேங்காய்த் துருவலும் கம்பியில் போய் உட்கார்ந்தால் கொப்பளித்தால் போகாது. கம்பிக்கு அடியில் நுழைகிற சின்ன பிரஷ் கைப்பையிலேயே இருக்கவேண்டும். அசட்டையாக இருந்தால் கம்பி கழற்றும்போது பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டு நிற்கும். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, முழுக் கொய்யா, ஆட்டு எலும்பு எல்லாம் தள்ளிவையுங்கள். பிராக்கெட் பிய்ந்தால் அது ஒட்டப்படும்வரை அந்தப் பல் சும்மா நிற்கும்.

இப்போது நான் உண்மையிலேயே எச்சரிக்க நினைத்த விஷயம். கல்யாணத் தேதியைச் சொன்னதும் சில இடங்களில், "கம்பியெல்லாம் எதுக்கு, முன்பல்லுக்கு ரூட் கேனால் பண்ணி கேப் போட்டுடலாம், பத்து நாள் வேலை" என்பார்கள். என்னிடமும் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். சொத்தையே இல்லாத பல்லைச் சுற்றிலும் ராவி, உள்ளே இருக்கும் உயிர்நரம்பை எடுத்துவிட்டு, மேலே தொப்பி மாட்டுவது அது. ராவிய எனாமல் திரும்ப வளராது. கேப் ஆயுள் முழுக்க நிற்காது, சில வருடம் கழித்து மாற்றவேண்டி வரும். உடைந்த பல்லுக்கு அது நல்ல வைத்தியம். போட்டோவுக்காக 27 வயதில் நல்ல பல்லுக்குச் செய்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

யாரிடம் போவது? பல் மருத்துவப் பட்டமான பிடிஎஸ் முடித்தபின், பல்லை வரிசைப்படுத்தும் ஆர்த்தோடான்டிக்ஸ் என்ற பிரிவில் மூன்று வருடம் எம்டிஎஸ் என்ற மேற்படிப்பு படித்தவர் இதற்கான டாக்டர். பல கிளினிக்குகளில் அவர் வாரத்தில் ஒரு நாள் வந்து போவார். அதில் தவறில்லை, கடைசிவரை அவரே பார்ப்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் விசாரித்த இடங்களில் சாதா உலோகக் கம்பிக்கு 30 ஆயிரம் முதல் 60 ஆயிரம் வரை சொன்னார்கள். பல் நிறத்தில் வரும் செராமிக் அதற்கு மேலே. கழற்றி மாட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் உறையான அலைனர் லட்சத்தைத் தாண்டியது, அதையும் ஒரு நாளைக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போட்டால்தான் வேலை செய்யும். பணம் தடையென்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும்.

பட்ஜெட் போடும்போது ரிடெய்னர், அதாவது கம்பி கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்துவைக்கும் சாதனம், அதன் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். கம்பி கழற்றிய நேரத்தில் புது எலும்பு இறுகியிருக்காது, ஈறிலுள்ள நார்களும் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். நான் இப்போதும் ராத்திரி போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் இப்போதே ஆரம்பித்துவிடுவேன். வரிசை நேராவது முதல் சில மாதத்திலேயே கண்ணுக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் உங்களை எத்துப்பல்லோடு பார்த்துத்தானே சரியென்றார். கம்பியோடு மணமேடை வேண்டவே வேண்டாம் என்றால் கல்யாணம் முடிந்து ஆரம்பியுங்கள், கெட்டுப்போக எதுவுமில்லை. நடுவில் விட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது மட்டும் வேண்டாம், பல் எடுத்த சந்தோடு நிற்பீர்கள். கம்பியோடுதான் கல்யாணம் என்று முடிவானால் செராமிக் பிராக்கெட் கேளுங்கள். அதைக் கட்டும் நிறமில்லாத ரப்பர் வளையம் சாம்பாரிலுள்ள மஞ்சளில் ஒரே நாளில் மஞ்சளாகிவிடும். அதனால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புது ரப்பர் மாற்ற அப்பாயின்ட்மென்ட் வாங்கிவையுங்கள், மாற்றிய பிறகு வரவேற்பு முடியும்வரை தயிர்சாதம்தான்.