நெய்யாற்றுத் தண்ணீரை ஐ.நா. கொண்டுவருமா?

கேள்வி: எங்கள் நெய்யாறு இடதுகரைச் சானலில் 2004-க்குப் பிறகு கேரளம் தண்ணீர் விடவில்லை. பல நாடுகளில் ஓடும் ஆறுகளுக்கு ஐ.நா. சட்டம் இருக்கிறதாமே? அதைக் காட்டிக் கேட்கலாமா, சார்?
– ஒரு வாசகர், கொல்லங்கோடு, குமரி மாவட்டம்

பதில்: நேராகக் கேட்க முடியாது, தம்பி. நீங்கள் சொல்வது 1997-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய உடன்படிக்கை. அது நாடுகளுக்கு நடுவில்தான் செல்லும். வாக்கெடுப்பில் 103 நாடுகள் கை தூக்கியபோது இந்தியா எந்தப் பக்கமும் சேரவில்லை. அது அமலுக்கு வரவே 2014 ஆகிவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை.

ஆனால் அதன் நியாயம் வேறு வாசல் வழியாக நம் கோர்ட்டுக்குள் வந்துவிட்டது. 1966-ல் சர்வதேசச் சட்ட சங்கம் ஹெல்சிங்கியில் சில விதிகளை எழுதியது. மேல்மடைக்காரன் வைத்ததே சட்டம் என்பதை அது ஏற்கவில்லை. இதுவரை யார் பாய்ச்சினார்கள், எத்தனை பேர் அதை நம்பிப் பிழைக்கிறார்கள், அவர்களுக்கு வேறு தண்ணீர் உண்டா என்றெல்லாம் பார்த்துப் பங்கு வைக்கச் சொன்னது. 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை எடுத்துப் பேசியிருக்கிறது.

நமக்குச் சிக்கல் அதற்கும் முந்தைய படியில். நெய்யாறு தன் மாநிலத்துக்குள்ளேயே ஓடுகிற ஆறு என்பது கேரளத்தின் வாதம். பங்கு எவ்வளவு என்று பேசுமுன், பங்காளிதானா என்றே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நெய்யாற்று அணைக்குத் திட்டம் போட்டபோது, இன்று குமரி மாவட்டத்திலிருக்கும் நம் விளவங்கோடும் கேரளத்திலிருக்கும் நெய்யாற்றின்கரையும் ஒரே ராஜ்யம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது சானலுக்குக் குறுக்கே எல்லைக்கோடு விழுந்தது. (வக்கீலாக இருந்தவன் சொல்கிறேன்: பாகப்பிரிவினையில் கிணற்றை எழுத மறந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.)

போன மாசம் சானல்கரை வழியே ஸ்கூட்டரில் போனேன். மடைப்பலகை செருகும் கல்லிடுக்கில் எருக்கு முளைத்திருக்கிறது. சானலுக்குள்ளே பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நெல் விளைந்த வயலில் ரப்பர். கரையில் மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி, "இனி தண்ணி வந்தா ரப்பரை வெட்டிருவேன்னா நினைக்கிறீய?" என்றார்.

எனக்குப் பயமே அதில்தான். பாய்ச்சிய வழக்கத்தை எடைபோடும் சட்டத்தின் முன்னால், பாய்ச்ச வயலே இல்லை என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நிற்பார். அதனால் வீட்டில் பழைய தண்ணீர்த்தீர்வை ரசீது கிடந்தால் எடுத்து வையுங்கள். எங்கள் அப்பா கட்டியதில் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது, ஒரு மூலையைக் கறையான் தின்றது போக.