இரண்டு விளக்கை அணையுங்கள்: கேமரா கேள்வி பதில்

மாணவர்களைப் படம் எடுக்கிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முட்டுவதால், முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சார், பள்ளியில் ஒரு அறையைத் தற்காலிக ஸ்டூடியோவாக்கி மாணவர்களைத் தனித்தனியாகப் படம் எடுக்கிறேன். முன்னால் இருபுறமும் இரண்டு சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி மாட்டிய விளக்கு), பின்னால் தலைமுடிமேல் விழும்படி ஒரு ஹேர் லைட். விளக்குகள் நல்ல விளக்குகள்தான். ஆனாலும் முகமெல்லாம் பலகை மாதிரி தட்டையாக வருகிறது. ஒரு பையன் பளிச்சென்றும் அடுத்தவன் மங்கலாகவும் இருக்கிறான். இன்னொரு விளக்கு வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இருக்கும் மூன்றில் இரண்டை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இருபுறமும் ஒரே அளவு பெட்டி, ஒரே தூரம், ஒரே பவர் என்று வைத்தால் இடது விளக்கு போடுகிற நிழலை வலது விளக்கு அழிக்கும், வலது போடுவதை இடது அழிக்கும். மூக்கு, கன்னம், தாடை என்று முகத்தின் மேடு பள்ளத்தைக் காட்டுவதே நிழல்தானே, அது போனால் பலகைதான் மிஞ்சும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு வெள்ளைப் பெட்டி தெரியும். பழைய ஆவணங்களையும் ஓவியங்களையும் நகலெடுக்க இதைவிட நல்ல அமைப்பு கிடையாது, முகத்துக்குத்தான் ஆகாது.

ஒரே ஒரு சாஃப்ட்பாக்ஸை எரியவிட்டு, உதவியாளரை ஸ்டூலில் உட்கார வையுங்கள். பெட்டியைக் கேமராவிலிருந்து பக்கவாட்டில் 45 டிகிரி வாக்கில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, மாடலிங் லாம்பை, அதாவது ஃபிளாஷுக்குள்ளேயே தொடர்ந்து எரியும் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு மூக்கின் நிழலை மட்டும் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். நிழல் மூக்கின் ஓரத்திலிருந்து கன்னத்துப் பக்கம் சாய்வாக இறங்கி, உதட்டைத் தொடாமல் நின்றுவிட்டால் சரி. இதற்கு லூப் லைட்டிங் என்று பெயர். விளக்கை இன்னும் பக்கவாட்டில் தள்ளினால் மூக்கு நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்துகொண்டு, கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் மிஞ்சும். ரெம்பிராண்ட் லைட்டிங் என்று அந்த ஓவியரின் பெயரிலேயே சொல்வது இதைத்தான். பார்க்க அழகுதான், ஆனால் வெளியே வரிசையில் நூறு பிள்ளைகள் நிற்கும்போது நான் அந்தப் பக்கமே போக மாட்டேன், ஏனென்றால் ஒரு குழந்தை தலையை இரண்டு விரற்கடை அப்படித் திருப்பினாலே முக்கோணம் கலைந்து பாதி முகம் இருட்டில் போய்விடும். ஒரு முகத்துக்கு லைட் செய்வது வேறு, ஒரு வரிசைக்கு லைட் செய்வது வேறு. வரிசைக்கு வேண்டியது தலை ஆடினாலும் தாங்குகிற அமைப்பு.

மூக்கு சரியானதும் கண்ணைப் பாருங்கள். கருவிழியில் விழும் வெளிச்சப் புள்ளி, கடிகாரத்தில் 10 அல்லது 2 இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். புள்ளியே காணோம், கண்குழி இருண்டு கிடக்கிறது என்றால் விளக்கு உயரம் அதிகம், இறக்குங்கள்.

அப்புறம்தான் இரண்டாவது விளக்கு. அதன் வேலை நிழலைக் கொல்வது இல்லை, நிழலுக்குள் கொஞ்சம் விவரம் தெரியச் செய்வது. முதன்மை விளக்கை, அதாவது முதலில் வைத்த சாஃப்ட்பாக்ஸைத் தனியாக ஒளி அளக்கும் மீட்டரில் பார்த்து எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு) வந்தால், ஃபில் என்கிற இந்த இரண்டாவது விளக்கு தனியாக எஃப் 4-க்கும் 5.6-க்கும் நடுவில் வரட்டும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் குறைவாக (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). மீட்டர் இல்லையா? ஃபில் விளக்கை மூட்டை கட்டிவிட்டு நிழல் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்துங்கள், கிட்டே கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளினால் இறுகும், கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால் எனக்கு விளக்கைவிடப் பலகைதான் பிடிக்கும். முதன்மை விளக்கின் பவரை மாற்றினால் பலகையும் தானாகக் கூடவே ஏறி இறங்கும், தனியாகச் சரி செய்ய ஒன்றும் இல்லை.

இனி, ஒருவன் பளிச், ஒருவன் மங்கல் என்ற விஷயம். இதில் விளக்கைக் குறை சொல்லாதீர்கள், தூரத்தைப் பாருங்கள். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இங்கே நேரடியாக வேலை செய்கிறது. விளக்கு 1 மீட்டரில் இருக்கும்போது பையன் 20 செ.மீ. முன்னால் சாய்ந்தால் அவன் முகத்தில் விழும் ஒளி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும், கிட்டத்தட்ட 2/3 ஸ்டாப். அதே விளக்கு 2 மீட்டரில் இருந்தால் அதே சாய்வுக்கு வித்தியாசம் 1/3 ஸ்டாப்தான். அதற்காக ரொம்பத் தள்ளவும் கூடாது. முகத்திலிருந்து பார்க்கும்போது பெட்டி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மையாக இருக்கும் ஒளி, தள்ளத் தள்ளப் பெட்டி சிறுத்து நிழல் கடுமையாகும். 1.2 மீட்டர் பெட்டியை ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிறுத்துவது நடுவாந்தரமான ஏற்பாடு.

இதற்கு நான் வைத்திருக்கும் கருவி ஒரு துண்டு நூல். சாஃப்ட்பாக்ஸின் கீழ் விளிம்பில் கட்டித் தொங்கவிட்டு, மூக்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டுமோ அங்கே ஒரு முடிச்சுப் போட்டிருப்பேன். அவ்வப்போது நூலை நீட்டி, முடிச்சு மூக்கு நுனிக்கு நேரே வருகிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடுவேன், சின்னப் பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு, சிரித்துவிடுவார்கள். ஸ்டூலின் நான்கு கால், ஸ்டாண்டின் மூன்று கால், நான் நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் தரையில் டேப் அடையாளம் உண்டு. ஒரு தடவை சாப்பாட்டு இடைவேளையில் யாரோ ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். நான் கவனிக்காமல் நாற்பது பிள்ளைகளை எடுத்து முடித்து, இரவு கம்ப்யூட்டரில் வரிசையாகப் பார்க்கும்போதுதான் காலையில் எடுத்த வகுப்புக்கும் மதியம் எடுத்த வகுப்புக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி வித்தியாசம் தெரிந்தது. டேப் அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

ஹேர் லைட்டைக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, அதைத் திருப்பிப் பின்திரைக்குப் போட்டுவிடுங்கள். பின்னாலிருந்து தலைமேல் விழும் விளக்கு ஒருவர் உயரத்துக்குத்தான் பொருந்தும். அடுத்தவர் தலையை அண்ணாந்தால் மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்துவிடும், எண்ணெய் வைத்து வாரிய தலையென்றால் உச்சியில் பளபளவென்று ஒரு திட்டு வேறு. பின்திரையில் தலைக்குப் பின்னால் லேசாக வெளிச்சம் விழுந்தாலே கறுத்த முடி தனியாகப் பிரிந்து நிற்கும்.

கேள்வி: கண்ணாடி போட்ட மாணவர்கள் வந்தாலே எனக்குப் படபடப்பு. லென்ஸ் முழுக்க வெள்ளையாகப் பெட்டி தெரிகிறது. கழற்றச் சொல்லலாமா?

பதில்: கழற்றச் சொல்லாதீர்கள். தினமும் கண்ணாடியோடு இருக்கிற பிள்ளை அது இல்லாமல் படத்தில் வேறு யாரோ மாதிரி இருக்கும், மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுந்திய தடம் வேறு தெரியும்.

பவரைக் குறைத்துப் பிரயோஜனம் இல்லை. எந்தக் கோணத்தில் ஒளி படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும், அவ்வளவுதான் விஷயம். திரும்புகிற ஒளி உங்கள் கேமரா லென்ஸுக்கு வராமல் வேறு எங்கேயாவது போக வேண்டும். விளக்கை ஒரு சாண் உயர்த்துங்கள், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளுங்கள், மாணவரை மோவாயை லேசாகத் தாழ்த்தச் சொல்லுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேலே கொஞ்சம், அரை விரல் அளவுதான், தூக்கி வைக்கச் சொல்லுங்கள். லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து வெள்ளை மறைந்துவிடும், முன்னாலிருந்து பார்க்கிறவருக்குக் காம்பு தூக்கியிருப்பது தெரியவே தெரியாது. ரொம்பத் தூக்கினால் பிரேமின் மேல் விளிம்பு கண்ணை வெட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் முதன்மை விளக்கை நகர்த்தி நகர்த்தி அலுத்துப்போவார்கள், குற்றவாளி ஃபில்லாக இருக்கும். ஃபில் ஒளியைப் பரப்பக் கேமராவுக்குப் பின்னால் ஃபிளாஷ் குடையை விரித்து வைத்திருந்தால், நேராகப் பார்க்கிற கண்ணாடியில் அது தெரியாமல் எங்கே போகும்? ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பாருங்கள், எது என்று பிடிபட்டுவிடும். கண்ணாடிக்காரர்களை வகுப்பின் கடைசியில் சேர்த்து நிறுத்தி, விளக்கை ஒரே தடவை உயர்த்தி மொத்தமாக எடுத்துவிட்டால் வேலை பாதியாகும்.

கேள்வி: ஃபிளாஷை, அளவைக் கேமராவே முடிவு செய்கிற டி.டி.எல். ஆட்டோவில் வைத்துத்தான் எடுக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் மங்கலாகவும் கறுப்பு உடை போட்டவர்கள் வெளுத்தும் வருகிறார்கள். கறுத்த நிறப் பிள்ளைகளுக்கு எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டுமா?

பதில்: முதல் காரியம், ஆட்டோவை விடுங்கள். அது காட்சியிலிருந்து திரும்பி வரும் ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சட்டை நிறைய ஒளியைத் திருப்பினால் போதும் போதும் என்று ஃபிளாஷைக் குறைக்கும், கறுப்பு உடை என்றால் பத்தவில்லை என்று கூட்டும். கையில் பிடிக்கிற மீட்டரை மாணவர் மோவாய்க்கு அடியில் வைத்து விளக்கை நோக்கி அளந்தால் விழுகிற ஒளியை அளக்கும், சட்டைக்கும் தோலுக்கும் அங்கே வேலையே இல்லை. அந்த அளவை மேனுவலில் பூட்டிவிட்டால் நாள் முழுக்க ஒரே எக்ஸ்போஷர்தான். மீட்டர் இல்லாதவர்கள் கிரே கார்டை, அதாவது நடுத்தரச் சாம்பல் நிற அட்டையைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து, படத்தின் வெளிச்சம் இருட்டைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொள்ளலாம். கேமராவின் திரையை நம்ப வேண்டாம், இருட்டு அறையில் எல்லாப் படமும் அதில் அழகாகத்தான் இருக்கும்.

கறுத்த தோலுக்கு எக்ஸ்போஷரைக் கூட்டுவதைப் பற்றி: தேவையில்லை, கூட்டினால் நிறம் வெளிறிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், பக்கத்தில் வெள்ளைச் சட்டை வெந்துபோகும். கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது நிழலைவிட அதிகமாக அதன்மேல் விழும் மினுமினுப்பு. பெட்டி பெரியதாக இருந்தால் அந்த மினுமினுப்பு நெற்றியிலும் கன்னத்திலும் மென்மையாகப் பரவும், சின்ன ஃபிளாஷாக இருந்தால் எண்ணெய்ச் சொட்டு மாதிரி புள்ளியாக நிற்கும். நிழல் பக்கத்து வெள்ளைப் பலகையை இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள், அதன் பிம்பமே தாடையில் ஒரு மெல்லிய கோடாக விழுந்து முகத்தைத் தூக்கிக் கொடுக்கும். வியர்வைக்கு ஒரு டிஷ்யூ போதும், துடைக்காமல் ஒற்றச் சொல்லுங்கள். அப்புறம் எடிட்டிங்கில் யாருடைய நிறத்தையும் வெளுப்பாக்காதீர்கள். கேட்டு வருகிறவர்கள் இருப்பார்கள், நான் செய்வதில்லை.

கேள்வி: எல்.இ.டி. நல்லதா, ஃபிளாஷ் நல்லதா?

பதில்: மாணவர் படத்துக்கு ஃபிளாஷ். கண் கூசாது, கண்பாப்பா சுருங்காது, ஆடுகிற பிள்ளையையும் உறைய வைக்கும். கையில் எல்.இ.டி.தான் இருக்கிறது என்றால் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல் உள்ளதாகப் பார்த்துக்கொண்டு, ஷட்டரை 1/125-க்குக் கீழே இறக்காமல் கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிச் சமாளியுங்கள்.

கேள்வி: ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிற அமைப்பு) சரியாக வைத்தும் நிழல் பக்கம் மட்டும் பச்சையடிக்கிறது.

பதில்: மேலே டியூப் லைட் எரிகிறதா? அதுதான் நிழலுக்குள் புகுந்திருக்கிறது. ஃபிளாஷை அடிக்க வைக்கும் ட்ரிக்கரைக் கழற்றிவிட்டு அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்கள், கும்மிருட்டாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் அறை வெளிச்சம் கலக்கிறது என்று அர்த்தம். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் 1/160 என்று வைத்தால் சாதாரண அறை விளக்கு பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காக ஷட்டரை இஷ்டத்துக்கு ஏற்றிவிட வேண்டாம், கேமராவின் சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகத்தைத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். டியூப் லைட் இல்லாமலும் பச்சை வந்தால் சுவரைப் பாருங்கள், பச்சைப் பெயின்ட் அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அதுவே ஒரு பச்சை ரிஃப்ளெக்டர். நடுவில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்.

கேள்வி: வெள்ளைப் பின்திரை வாங்கினேன், படத்தில் சாம்பலாக வருகிறது. திரை மட்டமா?

பதில்: திரைமேல் குற்றமில்லை. விளக்கிலிருந்து முகம் 1 மீட்டரிலும் திரை 3 மீட்டரிலும் இருந்தால் திரைக்குப் போவது முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான். வெள்ளையாக வேண்டுமானால் திரைக்கென்று தனி விளக்கு வையுங்கள். சாம்பல் பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள், வெள்ளைச் சட்டை அதில்தான் எடுப்பாகத் தெரியும்.

கேள்வி: எந்த லென்ஸ்?

பதில்: பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ., அதைவிடச் சிறிய கிராப் சென்சாரில் 50 மி.மீ. பெயரைவிட முக்கியம், மாணவரிடமிருந்து 2 மீட்டராவது தள்ளி நிற்பது. கிட்டே போனால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும்.

கேள்வி: அண்ணா, சின்ன வகுப்புப் பிள்ளைகளை எடுக்கும்போது பாதிப் படத்தில் கண் மூடியிருக்கிறது. எண்ணி எண்ணி எடுத்தாலும் அப்படியே.

பதில்: தம்பி, முதலில் டி.டி.எல்.லை நிறுத்திப் பாருங்கள். அதில் முன்கூட்டி ஒரு சின்ன வெட்டு வெட்டிவிட்டுத்தான் நிஜ ஃபிளாஷ் வரும், சில பிள்ளைகள் அந்த முதல் வெட்டுக்கே கண்ணை மூடத் தொடங்கிவிடுவார்கள். மேனுவலில் அது இல்லை. இரண்டாவது, நீங்கள் எண்ணுவதுதான் வினை. மூன்று சொன்னதும் ஃபிளாஷ் அடிக்கும் என்று தெரிந்தால் பிள்ளை அதற்கு முன்பே இறுக்கிக்கொள்ளும். கண்ணை மூடச் சொல்லுங்கள், திறக்கச் சொல்லுங்கள், திறந்த அந்த நொடியில் அழுத்துங்கள். இன்னொன்று, பெரிய வகுப்பை முடித்துவிட்டுச் சின்ன வகுப்பு வரும்போது விளக்கை இறக்குகிறீர்களா? இறக்காவிட்டால் ஒளி உச்சந்தலையிலிருந்து விழுந்து, திறந்திருக்கிற கண்ணும் மூடிய மாதிரி இருண்டு தெரியும். உயரம் மாற்றுகிற ஸ்டூல் கிடைத்தால் பிள்ளையை ஏற்றிவிடுங்கள், விளக்கைத் தொட வேண்டியதே இல்லை. ஆனால் ஏற்றிய பிறகு கால் தொங்கினால் பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும், அடியில் ஒரு மரப்பெட்டி போட்டுக் காலை ஊன்றச் சொல்லுங்கள்.