‘தி பீச்’: நாவல் படித்தவர் படம் பார்க்கலாமா?

நாவலை இப்போதுதான் முடித்தேன், படத்தை ஆளாளுக்குத் திட்டுகிறார்களே, பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள், ஆனால் கொஞ்ச நாள் கழித்து. நாவல் மனதில் சூடாக இருக்கும்போது பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

திட்டுபவர்கள் பக்கம் நியாயம் உண்டு. தாய்லாந்தில் ஒரு ரகசியக் கடற்கரையைத் தேடிப்போகும் ரிச்சர்ட், அலெக்ஸ் கார்லண்டின் நாவலில் ஆங்கிலேயன்; டிகாப்ரியோ நடித்த படத்தில் அமெரிக்கன் ஆகிவிட்டான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கூட வரும் பிரெஞ்சுப் பெண் ஃபிரான்சுவாஸ் மேல் நாவலில் வெறும் ஏக்கமாக நிற்பது இங்கே முழுக் காதல். நாவலில் வரும் ஜெட் என்ற ஆளே படத்தில் கிடையாது. கடற்கரைக்கு வரைபடம் கொடுத்துவிட்டுச் செத்த பிறகும் ரிச்சர்டை விடாமல் துரத்தும் டாஃபி கொஞ்சமே வருகிறார், அதனால் ரிச்சர்டின் புத்தி பேதலிப்பது திடுதிப்பென்று நடந்தது போலிருக்கிறது. அதைக் காட்ட ஒரு வீடியோ கேம் காட்சி வேறு! முடிவிலும் நாவலின் கொடூரம் இல்லை.

சரி, பிறகு எதற்குப் பார்ப்பது? கடற்கரையில் வாழும் கூட்டத்தின் தலைவி ஸாலாக வரும் டில்டா ஸ்வின்டனுக்காக. அப்புறம், சுறா கடித்தவனின் அலறல் தங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கிறது என்று அந்தக் கூட்டத்தார் அவனைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுவார்களே, அந்த இடம். இயக்குநர் டேனி பாயில் அதில் துளியும் சமரசம் செய்யவில்லை.