அப்பாட ரத்தம் மகனுக்குச் சேராதாம், ஏன் டொக்டர்?

உப்புவெளியில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. அவ ஏ பொசிட்டிவ், கணவர் பி பொசிட்டிவ், 6 வயசு மகன் ஓ பொசிட்டிவ். மகனுக்கு இருதயத்தில ஓட்டை, கொழும்பில ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. தகப்பன் ரத்தம் குடுக்கப் போக, மகனுக்குச் சேராதெண்டு சொல்லிட்டாங்களாம், அதில இருந்து மாமி ஒரு மாதிரிக் கதைக்கிறாவாம்.

தங்கச்சி, முதல்ல மாமிட கதைக்குப் பதில் சொல்றன். ஏ குரூப் தாய்க்கும் பி குரூப் தகப்பனுக்கும் ஓ குரூப் பிள்ளை பிறக்கும், சந்தேகப்பட ஒண்டுமே இல்ல. எல்லாருக்கும் குரூப்புக்கான ஜீன் ரெண்டு, ஒண்டு தாயிட்ட இருந்து, மற்றது தகப்பனிட்ட இருந்து. உங்களுக்கு ஏயோட ஒரு ஓ, அவருக்கு பியோட ஒரு ஓ இருக்கும், அந்த ஓ டெஸ்டில தெரிய வராது. ரெண்டு பேரும் அதையே குடுத்தா பிள்ளை ஓ, இப்பிடியான சோடிக்கு ஒவ்வொரு பிள்ளையிலயும் அதுக்கு நாலில ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. அடுத்த பிள்ளை ஏபியாக்கூட வரலாம். பிள்ளை ஒப்பரேஷனுக்குப் போற நேரத்தில தாயை இப்பிடி நோகடிக்கிறது அநியாயம், இதை மாமிக்கு வாசிச்சே காட்டுங்க.

மகன்ட ரத்தத்தில ஏயையும் பியையும் எதிர்க்கிற அன்டிபொடி, அதாவது எதிர்ப்புப் புரதம், இயல்பாவே இருக்கு. அப்பாட பி ரத்தத்தை ஏத்தினா அந்தச் சிவப்பணு எல்லாம் உடனயே உடையத் தொடங்கும், கிட்னி பழுதாகும், உயிரே போகலாம். 1901ல லான்ட்ஸ்டைனர் எண்ட விஞ்ஞானி இந்த குரூப்புகளைக் கண்டுபிடிக்க முதல் ரத்தம் ஏத்தினதில எத்தினையோ பேர் செத்தது இதாலதான். உங்கட ஏ ரத்தமும் சரிவராது. மகனுக்கு ஓ பொசிட்டிவ் இல்லாட்டி ஓ நெகட்டிவ் மட்டும்தான், அதையும் அவன்ட ரத்தத்தோட கலந்து சேருதோ எண்டு, அதாவது குரொஸ்மட்ச், பாத்துத்தான் ஏத்துவாங்க.

இன்னொண்டு, சொந்தக்காரர்ட ரத்தம்தான் நல்லதெண்டு எங்கட சனத்துக்கு ஒரு நம்பிக்கை இருக்கு, ஆனா குரூப் பொருந்தினாலும் தாய் தகப்பன், கூடப்பிறந்ததுகள்ட ரத்தத்தை நாங்க விரும்புறதில்ல, ஏனெண்டா அதில இருக்கிற வெள்ளையணுவை நோயாளிட உடம்பு வேற ஆள்ட எண்டு அடையாளம் காணாம விட்டிடும், பிறகு அது உள்ளுக்க பெருகி உடம்பையே தாக்கலாம். அரிதுதான், ஆனா வந்தா காப்பாத்துறது கஷ்டம். அந்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சுக் குடுத்துப் பிறகு ஏத்தினா அந்தப் பயம் இல்ல.

உங்கட கணவர் மனசு உடைய வேணாம். திருகோணமலை ஆஸ்பத்திரி ரத்த வங்கியில போய்க் குடுக்கட்டும், அது பி ரத்தம் தேவைப்படுற ஆருக்கோ போகும், மகனுக்கான ஓ ரத்தமும் முகம் தெரியாத ஆரோ குடுத்ததுதான். 18 வயசுக்கு மேல, நிறை 50 கிலோவுக்குக் குறையாம, ரத்தக் குறைவு இல்லாம இருந்தாக் குடுக்கலாம், திரும்பக் குடுக்க 4 மாசம் விடவேணும்.

மகனுக்கு முந்தி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருந்தா வோர்டில கட்டாயம் சொல்லுங்க, பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்க, ஏத்தின ரத்தத்தால புது அன்டிபொடி வந்திருக்கோ எண்டு பாக்க அவங்களுக்கு நேரம் வேணும்.