தேர்தல் கேள்வி-பதில்: முன்மொழிபவர், விசைப்படகு, ஊர் ஏலம்

திருவாடானைத் தொகுதியில் சுயேச்சையாக நிற்கிறேன். முன்மொழியும் பத்துப் பேரில் ஒருவர் ராமேசுவரத்தில் இருக்கும் என் மைத்துனர். ஏற்பார்களா? (தொண்டி வாசகர்)

ஏற்கமாட்டார்கள். நீங்கள் தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியின் வாக்காளராகவும் இருக்கலாம். முன்மொழிபவர்கள் பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். ராமேசுவரம் இருப்பது ராமநாதபுரம் தொகுதியில். ஒருவர் குறைந்தாலும் பரிசீலனையில் மனு போய்விடும். நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம். வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனுவும் போடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை வாங்குங்கள்.

டெபாசிட் எவ்வளவு? (ஊர், பெயர் இல்லை)

எந்தத் தேர்தல் என்றுகூட எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? சட்டமன்றம் 10,000, மக்களவை 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. ஊராட்சி வார்டு என்றால் சில நூறு ரூபாய்தான். அடுத்த முறை முழுமையாக எழுதுங்கள்.

விசைப்படகில் எனக்கு அரைப் பங்கு. பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டுமா? (மண்டபம்)

கட்டாயம். மனுவோடு சொத்து, கடன் விவரங்களைச் சொல்லிக் கொடுக்கும் அந்தப் பத்திரம்தான் படிவம் 26. அதில் வாகனங்களோடு கப்பலுக்கும் இடம் இருக்கிறது. அங்கே பதிவு எண், வாங்கிய ஆண்டு, உங்கள் பங்கின் மதிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். படகின் மேல் வங்கிக் கடன் இருந்தால் அது கடன் பகுதியில் வர வேண்டும். எழுத ஒன்றும் இல்லாத கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள். வெற்றாக விட்டு, அதிகாரி நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவியைக் கோயில் திருப்பணிக்காக ஏலம் விடுகிறார்கள். ஊர் ஒற்றுமைக்காகத்தானே, என்ன தவறு? (கடலோர வாசகர், ஊர் வேண்டாம் என்கிறார்)

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. இது குற்றம். வாக்குப் போடுவது மட்டும் தேர்தல் உரிமை அல்ல. வேட்பாளராக நிற்பது, நிற்காமல் இருப்பது, விலகுவது எல்லாமே தேர்தல் உரிமை என்கிறது சட்டம். மற்றவர்கள் நிற்காமல் இருப்பதற்காகக் கொடுக்கும் பணம் லஞ்சம். ஓராண்டு வரை சிறை உண்டு. பணம் கோயிலுக்குத்தான் போகிறது என்பது சமாதானம் ஆகாது.

தேர்தல் பணியில் மனு வாங்கும் மேசையில் நான் உட்கார்ந்திருந்த ஓர் ஆண்டு, ஒரு கடலோர ஊரிலிருந்து ஒரே ஒரு மனுதான் வந்தது. இன்னொரு மனுவோடு வந்த பெண்ணை வாசலிலேயே மறித்துத் திருப்பி அழைத்துப் போனார்கள். மனு போட்டால் அவர் கணவரைக் கடலுக்குத் தொழிலுக்கு விடமாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருந்தது பிறகுதான் தெரிந்தது. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. ஏலம் கேட்கும் கூட்டத்திலோ பெண்களுக்கு உட்காரவே இடம் இல்லை. ஏலத்தில் லட்சங்களைப் போட்டவர் அதைக் குடிநீர்த் தொட்டியிலும் தெருவிளக்கிலும் எடுக்காமல் வேறு எங்கே எடுப்பார்?

யாரும் மிரட்டாமல், பணம் கைமாறாமல் ஒருவர் மட்டும் நின்றால் அது போட்டியின்றி நடந்த, சட்டப்படி முறையான தேர்வு. ஏலத்தை அதோடு சேர்த்துப் பேசாதீர்கள். மாவட்ட ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். ஏலம் நடந்த நாள், தொகை, உடன் இருந்தவர்கள் விவரத்தோடு அவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா என் சட்டமன்றத் தேர்தல் செலவுக்கு இரண்டு லட்சம் தருகிறார். வாங்கலாமா? (கீழக்கரை)

அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைச் சொல்லவில்லையே! இந்தியக் குடிமகன் என்றால் வாங்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால் வேட்பாளர் வாங்கவே கூடாது. ரொக்கமாக வேண்டாம், தேர்தலுக்கென்று மனுத்தாக்கலுக்கு முன்பே தொடங்கும் தனி வங்கிக் கணக்குக்கு வரட்டும். உங்கள் செலவு வரம்பு 40 லட்சம்; தேநீர், கொடி, ஆட்டோ வாடகை எல்லாம் அதற்குள் அடக்கம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும், தோற்றாலும்கூட. தகுந்த காரணமில்லாமல் கொடுக்காதவர் மூன்றாண்டு நிற்க முடியாது. அங்கேயும் ஒப்புகை வாங்குங்கள்.