சிறப்புப் பள்ளி

அன்புள்ள ஐயா,

பிரிட்டனில் பிறந்து வளர்ந்த கருப்பின எழுத்தாளர்கள் சிலரை இந்த ஆண்டு வாசித்தேன். இலவசக் கல்வி, இலவச மருத்துவம் எல்லாம் தந்த நாட்டில் இருந்துகொண்டு ஏன் ஓயாமல் அடையாளச் சிக்கல் என்று புலம்புகிறார்கள்? இங்கிலாந்துக் கால்பந்து அணியிலேயே அவர்கள் ஆடுகிறார்களே? லண்டனில் வளரும் என் தங்கை மகனுக்கு இந்தப் புலம்பல் எதுவும் இல்லை. இவர்களை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

ர., கோவை

அன்புள்ள ர.,

‘இலவசக் கல்வி’ என்று எழுதாமல் இருந்திருந்தால் உங்கள் கடிதத்தைக் கடந்து போயிருப்பேன். சில வாரங்களாக நான் படித்துக்கொண்டிருப்பதே அந்த இலவசக் கல்வியைப் பற்றித்தான்.

கால்பந்தை விடுங்கள். 2021 யூரோ இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் மூன்று கருப்பின இளைஞர்களுக்கு என்னென்ன வசவு விழுந்தது என்று தேடிப் பாருங்கள், போதும்.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், 1948க்குப் பிறகு கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்தார்கள். பஸ் ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் தாதிகளானார்கள். பலர் குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து, சில ஆண்டுகள் கழித்து வரவழைத்தார்கள். முகமே மறந்துபோன அம்மா, குளிர், புது வகுப்பு. அந்தத் திகைப்பு அடங்குவதற்குள் ஒரு நுண்ணறிவுத் தேர்வு. தேறாத குழந்தை ‘கல்வியில் இயல்புக்குக் கீழானது’ என்று முத்திரை குத்தப்பட்டு, ‘சிறப்புப் பள்ளி’ எனப்பட்ட தனிப் பள்ளிக்குப் போகும். 1967இல் லண்டன் கல்வி ஆணையமே கணக்கெடுத்தது. சாதாரணப் பள்ளிகளில் குடியேறிய குடும்பத்துக் குழந்தைகள் 15 சதவீதம். இந்தத் தனிப் பள்ளிகளில் 28 சதவீதம்.

தேர்வு எப்படிப்பட்டது தெரியுமா? தாளில் தண்ணீர்க் குழாய்க்கு ‘டாப்’ (tap) என்று இருக்கும். கரீபியன் வீட்டில் அதற்குப் ‘பைப்’ என்று பெயர். நம் வீட்டிலும்தான்.

லண்டனில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பேன். பெயின்டராக இருந்தவர், எட்டு வயதில் ஜமைக்காவிலிருந்து வந்தவர். ‘சிறப்புப் பள்ளி’யில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்ததும் அவருடைய அம்மா கேக் செய்து அக்கம்பக்கத்தில் கொடுத்தாராம். சிறப்பு என்றால் உயர்ந்தது என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்? அங்கே அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட யாரும் சொல்லித்தரவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மகளிடம் உட்கார்ந்து படித்திருக்கிறார். அது எப்படிப்பட்ட பள்ளி என்று அம்மாவிடம் அவர் கடைசிவரை சொல்லவேயில்லை.

அந்த மகள் நாவல் எழுதினால் எதை எழுதுவாள்? நீங்கள் கோவையில் உட்கார்ந்து அதைப் புலம்பல் என்பீர்கள். தங்கை மகனுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவனிடம் கேட்டீர்களா, தங்கையிடம் கேட்டீர்களா? எனக்குக் கோபம்தான் வருகிறது, ர. ஆனாலும் கேட்டீர்களே, அதற்காக உங்கள்மேல் பிரியமும் வருகிறது. பலர் கேட்பதேயில்லை.

அந்தப் பெற்றோர் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. டிரினிடாடிலிருந்து வந்த ஜான் லா ரோஸ் 1969இல் தம் வீட்டிலேயே ஒரு துணைப் பள்ளியைத் தொடங்கினார். ஆப்பிரிக்க விடுதலைக்காகப் போராடிய டிரினிடாட்காரர் ஜார்ஜ் பேட்மோரின் பெயரை வைத்தார். வழக்கமான பள்ளி கொடுக்காததை வார இறுதியில் கொடுக்கும் இத்தகைய பள்ளிகள் மற்ற இடங்களிலும் முளைத்தன. 1971இல் அவருடைய நியூ பீக்கன் பதிப்பகம் பெர்னார்ட் கோர்டின் சிறுநூலை வெளியிட்டது. கரீபியன் தீவு நாடான கிரெனடாவைச் சேர்ந்த கோர்ட் அந்தத் தனிப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். கரீபியக் குழந்தையை இந்தப் பள்ளி அமைப்பு எப்படி மந்தமாக்குகிறது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அந்த முத்திரை சட்டத்திலிருந்து நீங்க 1981 ஆனது.

இதே கோர்ட் பிறகு ஊர் திரும்பி, துணைப் பிரதமராகி, 1983இல் பிரதமர் மாரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று 2009வரை சிறையில் இருந்தார். இந்த மனிதரை என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. நூலில் அவர் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சிறுநூலிலிருந்து. நாவல்களைப் பற்றி, படித்துவிட்டு நீங்கள் எழுதும் அடுத்த கடிதத்தில் பேசுவோம்.